சிட்டையும் பேரேடும்: வெளியீட்டுக் குறிப்பை யார் எழுதுவது, எப்போது எழுதுவது?

சித்திரைத் திருவிழா முடிந்து அழகர் மலைக்குத் திரும்பிய மறுவாரம். வைகாசி முகூர்த்தப் பத்திரிகை வேலை எல்லா அச்சகங்களிலும் குவிந்து கிடந்த நேரம். சிம்மக்கல் பக்கம் டி.டி.பி. கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் போன் செய்தார்.

"தம்பி, ஸ்ரீயைக் காணோம்."

யாரோ வீட்டை விட்டுப் போய்விட்டார்களோ என்று ஒரு நொடி பதறிவிட்டேன். அப்புறம்தான் அவர் விளக்கினார். "பத்திரிகை உச்சியில ஸ்ரீ மீனாட்சி சுந்தரேஸ்வரர் துணைன்னு போட்டா, ஸ்ரீ வர்ற இடத்துல ஒரு கட்டம் நிக்குது. போன மாசம் வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு. நீங்க எதையும் மாத்தினீங்களா?"

மாற்றியிருந்தோம்.

பாமினி, டிஸ்கி, டாப், டாம் என்று பழைய குறியாக்கங்களில் (எழுத்துகளைக் கணினியில் எண்களாகச் சேமிக்கும் முறைகளில்) கிடக்கும் தமிழை இன்றைய பொதுத் தரமான யூனிகோடுக்குக் கொண்டுவரும் சிறிய திறந்த மூலக் கருவி ஒன்றை மதுரையில் நாங்கள் நான்கு பேர் ஓய்வு நேரத்தில் பார்த்துக்கொள்கிறோம். பழைய எழுத்துருக்களில் ஸ்ரீ ஒற்றை வடிவம். ஒரு விசையைத் தட்டினால் வந்துவிடும். யூனிகோடிலோ அது நான்கு குறிகளின் கோவை. அதையும் இரண்டு விதமாகக் கோக்கலாம். ஸகரத்தில் தொடங்கி ஸ், ரீ என்று கோக்கலாம். ஶகரத்தில் தொடங்கி ஶ், ரீ என்றும் கோக்கலாம். ஶ என்ற எழுத்து யூனிகோடுக்குள் வந்ததே 2005இல், 4.1ஆம் பதிப்பில்தான். அது வந்த பிறகு முறைப்படியான கோவை ஶகரத்தில் தொடங்குவது என்று ஆனது. ஆனாலும் இரண்டும் புழங்குகின்றன. புதிய எழுத்துருக்கள் இரண்டுக்கும் ஒரே வடிவத்தைக் காட்டிவிடுவதால் பெரும்பாலோருக்கு வேறுபாடே தெரியாது.

எங்கள் கருவி பழைய கோவையைத்தான் தந்துகொண்டிருந்தது. கல்லூரி மாணவர் ஒருவர் அதைக் கண்டுபிடித்து, முறைப்படியான கோவைக்கு மாற்றி ஒரு புல் ரிக்வெஸ்ட், அதாவது மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளக் கோரும் விண்ணப்பம், அனுப்பினார். சோதனைகளும் எழுதியிருந்தார். சரியான மாற்றம். நான்தான் பார்த்து மெர்ஜ் செய்தேன், அதாவது கருவியின் கோடோடு சேர்த்தேன். சிம்மக்கல் அண்ணனின் கணினியில் இருந்த யூனிகோடு எழுத்துரு பழையது. அதில் ஶ என்ற எழுத்தே கிடையாது. கட்டம் அப்படித்தான் வந்தது. நல்லவேளை, புரூஃபிலேயே பெண்ணின் தாய்மாமன் கண்ணில் பட்டுவிட்டது.

ஒவ்வொரு புதிய பதிப்போடும் என்ன மாறியது என்று சொல்லும் வெளியீட்டுக் குறிப்பு ஒன்று போகும். அந்த வெளியீட்டின் குறிப்பில் இதைப் பற்றி என்ன எழுதியிருந்தோம் என்று போய்ப் பார்த்தேன். இரண்டே சொல்: "ஸ்ரீ திருத்தம்." புல் ரிக்வெஸ்டின் தலைப்பு அதுதான், நாங்கள் கோடை வைத்திருக்கும் கிட்ஹப் தளம் அதை அப்படியே எடுத்துப் போட்டிருந்தது. அண்ணன் அதைப் படித்திருந்தாலும் அவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது. திருத்தம் என்றால் நல்லதுதானே என்று இன்னும் தைரியமாக அப்டேட் செய்திருப்பார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான்கு பேரும் நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் கூடினோம். உள்ளே பேச முடியாது என்பதால் வெளியே டீக்கடையில்தான் முக்கால்வாசி விவாதம். கோட் மாற்றத்தை அனுப்புகிறவர் வெளியீட்டுக் குறிப்புக்கு என்ன தர வேண்டும், அதை எந்த இடத்தில் தர வேண்டும், கடைசியில் யார் கோக்க வேண்டும் என்பதுதான் கேள்வி. இதற்கு உலகத்தில் குறைந்தது ஆறு நடைமுறைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் எங்கள் ஸ்ரீயை வைத்தே உரசிப் பார்த்தோம்.

அதற்கு முன்னால் என் அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் கீழமாசி வீதியில் ஒரு பலசரக்கு மொத்தக் கடையில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். அன்றாடம் நடப்பதையெல்லாம் நடந்த வரிசையில் கிறுக்கி வைப்பது சிட்டை. மிளகாய் வற்றல் இரண்டு மூட்டை, உசிலம்பட்டிக்காரர், பாக்கி என்று அவருக்கு மட்டும் புரிகிற மாதிரி இருக்கும். பேரேடு வேறு. உசிலம்பட்டிக்காரர் வந்து "என் கணக்கு என்ன?" என்று கேட்டால் அவருடைய பக்கத்தைத் திருப்பிக் காட்ட முடிய வேண்டும். சிட்டையில் இருப்பதுதான் பேரேட்டுக்குப் போகிறது. ஆனால் சிட்டையை யாரும் வாடிக்கையாளரிடம் நீட்டுவதில்லை.

மென்பொருள் உலகமும் இதை ரொம்ப நாளாகவே அறிந்திருக்கிறது. கட்டற்ற மென்பொருளுக்கான குனு திட்டத்தின் நிரல் எழுதும் நெறிகள் இரண்டு கோப்புகளைக் கேட்கும்: ஒன்று சேஞ்ச்லாக், இன்னொன்று நியூஸ். முதலாவது கோடைத் தொடுகிறவர்களுக்கு, இரண்டாவது பயன்படுத்துகிறவர்களுக்கு. டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்திலும் அப்படித்தான். ஒவ்வொரு பொதிக்கும் (நிறுவும் மென்பொருள் தொகுப்புக்கும்) மாற்றப் பதிவு உண்டு. பயனர் கட்டாயம் அறிய வேண்டியது இருந்தால் அது தனியாக ஒரு நியூஸ் கோப்பில் போகும். ஆப்ட்-லிஸ்ட்சேஞ்சஸ் என்ற கருவியை நிறுவியிருந்தால் அப்டேட் செய்யும்போதே அதைக் கண்முன் காட்டும். நாங்கள் செய்தது சிட்டையைக் கிழித்து வாடிக்கையாளர் கையில் கொடுத்த வேலை.

சரி, நடைமுறைகளுக்கு வருவோம்.

நாங்கள் வைத்திருந்தது எல்லாவற்றிலும் சுலபமானது. 2021இலிருந்து கிட்ஹப்பே வெளியீட்டுக் குறிப்பை உண்டாக்கித் தருகிறது. ஒரு பொத்தானை அழுத்தினால் போன வெளியீட்டுக்குப் பிறகு மெர்ஜ் ஆன புல் ரிக்வெஸ்ட்களின் தலைப்புகள், அனுப்பியவர்களின் பெயர்கள், முதல்முறை பங்களித்தவர்களின் பட்டியல் எல்லாம் வந்து விழும். லேபிள் ஒட்டியிருந்தால் அதன்படி பிரித்துக் கொடுக்கச் சொல்லி ஒரு சிறிய கட்டமைப்புக் கோப்பு எழுதிக்கொள்ளலாம். முதல்முறை அனுப்பிய மாணவர்களின் பெயர் தானாக வருவது எனக்குப் பிடித்த விஷயம். அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வீட்டு வாட்ஸ்அப் குழுவில் போட்டவர்கள் உண்டு. ஆனால் குறிப்பின் தரம் தலைப்பின் தரத்தைத் தாண்டாது. தலைப்பு எழுதுகிறவர் மனத்தில் இருப்பது அதைப் பார்த்து மெர்ஜ் செய்யப் போகும் நான். சிம்மக்கல் அண்ணன் அவர் மனத்திலேயே இல்லை.

அடுத்தது கன்வென்ஷனல் கமிட்ஸ். கமிட் என்பது கோடில் செய்த ஒரு மாற்றத்தின் பதிவு. ஒவ்வொரு கமிட் செய்தியும் ஒரு முன்னொட்டோடு தொடங்க வேண்டும். ஃபிக்ஸ் என்றால் பிழை நீக்கம்; ஃபீட் என்றால் புதிய வசதி; பழைய பயன்பாட்டை உடைக்கும் மாற்றமென்றால் ஓர் ஆச்சரியக்குறியோ, அடியில் தனி வரியோ. இதைப் படித்து செமான்டிக்-ரிலீஸ் போன்ற கருவிகள் பதிப்பு எண்ணையே தீர்மானித்துவிடும். செமான்டிக் வெர்ஷனிங் முறையில் எண் மூன்று பகுதி கொண்டது: உடைக்கும் மாற்றத்துக்கு முதல் எண் ஏறும், புதிய வசதிக்கு நடு எண், பிழை நீக்கத்துக்குக் கடைசி எண். எங்கள் குழுவில் ஒருவர் வேலையிடத்தில் இதைத்தான் பயன்படுத்துகிறார். மனிதக் கை படாமலேயே எல்லாம் நடந்துவிடும் என்று சத்தியம் செய்தார்.

அவரிடம் நான் ஒன்றுதான் கேட்டேன். "ஸ்ரீ மாற்றத்துக்கு என்ன முன்னொட்டு போட்டிருப்ப?"

யோசிக்காமல் "ஃபிக்ஸ்" என்றார். சொன்ன பிறகு டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார்.

சிக்கலே அங்கேதான் இருக்கிறது. கோடின் பார்வையில் அது பிழை நீக்கம். பயன்படுத்துகிறவரின் பார்வையில் நேற்று வரை ஒன்றைத் தந்த கருவி இன்று வேறொன்றைத் தருகிறது. அது உடைக்கும் மாற்றம். ஒரே மாற்றம் நிற்கும் இடத்தைப் பொறுத்து இரண்டாகத் தெரிகிறது. கமிட் எழுதும் இரவு பதினொரு மணிக்கு மாணவருக்கு இந்த இரண்டாவது பார்வை தோன்ற வழியில்லை. தோன்றாதது முன்னொட்டில் ஏறாது. முன்னொட்டில் ஏறாதது கருவியின் கண்ணில் படாது. மெர்ஜ் ஆன கமிட் செய்தியைத் திருத்துவதும் லேசான காரியமில்லை. வரலாற்றையே மாற்றி எழுத வேண்டும். வெளியீட்டுக்கு முந்தின நாள் ஞானோதயம் வந்தால் இந்த முறையில் அதற்கு இடமே கிடையாது.

மற்ற நிரலாளர்கள் மட்டுமே தங்கள் கோடில் பயன்படுத்தும் நிரல் நூலகமாக (லைப்ரரியாக) இருந்தால் நான் இதையே தேர்ந்தெடுத்திருப்பேன். அங்கே படிக்கிறவரும் எழுதுகிறவரும் ஒரே சாதி ஆட்கள்.

மூன்றாவது, கையால் பராமரிக்கும் ஒற்றைச் சேஞ்ச்லாக் கோப்பு. கீப் எ சேஞ்ச்லாக் என்ற பெயரில் இதற்கு ஒரு நல்ல வழிகாட்டி இருக்கிறது. சேர்த்தது, மாற்றியது, கைவிடப் போவது, நீக்கியது, சரிசெய்தது, பாதுகாப்பு என்று ஆறு தலைப்புகள். மேலே "இன்னும் வெளியிடாதவை" என்று ஒரு பகுதி. பங்களிக்கிறவர் எல்லாரும் அதில் ஒரு வரி சேர்க்க வேண்டும். கோடின் மாற்ற வரலாற்றைக் காக்கும் கிட் கருவியின் பதிவை அப்படியே கொட்டி அதைச் சேஞ்ச்லாக் என்று சொல்லாதே என்பதுதான் அந்த வழிகாட்டியின் அடிப்படைக் குரல். அந்தக் குரலோடு எனக்குச் சண்டையே இல்லை.

சண்டை கிட்டோடுதான். இரண்டு மாணவர்கள் ஒரே வாரத்தில் ஒரே இடத்தில் ஆளுக்கொரு வரி சேர்த்தால் ஒன்று மெர்ஜ் ஆனவுடன் மற்றதில் கான்ஃப்ளிக்ட், அதாவது எந்த வரியை வைப்பது என்ற மோதல், வரும். கோடில் ஒரு சிக்கலும் இருக்காது, குறிப்பில் மட்டும். பழகியவருக்கு இது இரண்டு நிமிட வேலை. முதல் புல் ரிக்வெஸ்ட் அனுப்பும் இரண்டாம் ஆண்டு மாணவருக்கு மோதலைக் காட்ட கிட் போடும் கோண அடைப்புகளும் சமக்குறிகளும் பேயறைந்த மாதிரி இருக்கும். ஒருவர் பயந்துபோய் தன் ரெப்போவையே (கோட் களஞ்சியத்தையே) அழித்துவிட்டு மறுபடி ஃபோர்க் செய்ததை (புதிதாக நகலெடுத்ததை) நானே பார்த்திருக்கிறேன். இரண்டு பக்க வரிகளையும் வைத்துக்கொள் என்று கிட்டுக்குச் சொல்லும் யூனியன் மெர்ஜ் வசதி இருக்கிறது. ஆனால் வரிகளின் வரிசை அதன் இஷ்டம்.

பைதான் மொழியின் திட்டமே இந்த அவஸ்தையைப் பட்டிருக்கிறது. அவர்களிடமும் ஒரே பெரிய நியூஸ் கோப்பு இருந்தது; எல்லாரும் அதில்தான் எழுதினார்கள்; முட்டிக்கொண்டே இருந்தது. 2017இல் கிட்ஹப்புக்கு மாறிய கையோடு அந்த ஏற்பாட்டைக் கைவிட்டார்கள். எதற்கு மாறினார்கள் என்பதைக் கொஞ்சம் தள்ளிச் சொல்கிறேன்.

நான்காவது வழி, வெளியீட்டுச் சமயத்தில் ஒருவர் உட்கார்ந்து எல்லா கமிட்களையும் படித்துத் தன் கையால் எழுதுவது. பழைய கணக்குப்பிள்ளை வழி. கேட்டால் சிரிப்பு வரலாம். ஆனால் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் பெரிய பதிப்புகளுக்குப் பல ஆண்டுகளாக ப்ரூஸ் மோம்ஜியான் இப்படித்தான் கமிட் வரலாற்றைப் படித்துக் குறிப்பின் முதல் வரைவைத் தயாரித்துவந்திருக்கிறார். இன்னும் வேடிக்கை கிட். உலகமே கிட் பதிவிலிருந்து குறிப்பை உருவும் கருவிகளைச் செய்துகொண்டிருக்க, கிட்டின் சொந்த வெளியீட்டுக் குறிப்பை அதன் பராமரிப்பாளர் ஜூனியோ ஹமானோ, மாற்றங்கள் உள்ளே வர வரச் சொற்களில் எழுதிச் சேர்க்கிறார். லினக்ஸின் மையமான கெர்னலில் கமிட் செய்திகள் அவ்வளவு கறாராக எழுதப்படுகின்றன. அங்கேயும் ஒவ்வொரு பதிப்புக்கும் மனிதர் படிக்கிற மாதிரியான சுருக்கத்தை கெர்னல் நியூபீஸ் தளத்தில் தனியாகத் தொகுக்க வேண்டியிருக்கிறது. சிட்டை எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் பேரேட்டை யாரோ எழுதத்தான் வேண்டியிருக்கிறது.

தரத்தில் இந்த வழியை அடிக்க ஆளில்லை. எங்களுக்கு ஒத்துவராததன் காரணம் வெட்கப்பட வேண்டிய ஒன்று: எழுத வேண்டிய ஆள் நான். நான் எழுதியிருந்தாலும் ஸ்ரீ தப்பித்திருக்காது. மூன்று மாதம் கழித்து அந்த கமிட்டைப் பார்க்கும்போது ஏன் மாற்றினோம், எந்த எழுத்துருவில் என்ன ஆகும் என்பதெல்லாம் எனக்கு மறந்திருக்கும். அது சூடாக இருந்தது அந்த மாணவரின் தலையில், அந்த வாரத்தில் மட்டும்தான்.

குபர்நெட்டீஸ் என்ற பெரிய திறந்த மூலத் திட்டம் இதற்கு ஒரு கெட்டிக்கார வழி வைத்திருக்கிறது. புல் ரிக்வெஸ்டின் விவரணையிலேயே வெளியீட்டுக் குறிப்புக்கென்று ஒரு கட்டம். பயனருக்குச் சொல்ல வேண்டியதை அதில் எழுது, ஒன்றுமில்லை என்றால் ஒன்றுமில்லை என்று எழுது; காலியாக விட்டால் ஒரு போட் (தானியங்கி நிரல்) வந்து மெர்ஜ் ஆகாமல் தடுத்துவிடும். கான்ஃப்ளிக்ட் கிடையாது, கோப்பு கிடையாது, மாணவருக்கு பயம் கிடையாது. ஒன்றே ஒன்றுதான் எனக்கு இடித்தது. குறிப்பு கிட்டுக்குள் இல்லை. கிட்ஹப்பின் பக்கத்தில் இருக்கிறது. அதை இழுத்துக் கோக்கத் தனிக் கருவி வேண்டும், போட் வேண்டும், அதைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். அவர்களிடம் வெளியீட்டுக்கென்றே ஒரு குழு இருக்கிறது. எங்களிடம் ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது.

கடைசியாகத் துண்டுக் கோப்பு முறை. பைதான் மாறியது இதற்குத்தான். பங்களிக்கிறவர் கோட் மாற்றத்தோடு கூடவே ஒரு குட்டிக் கோப்பைத் தனி அடைவில் போடுகிறார். அதற்குள் பயனருக்கான ஒன்றிரண்டு வாக்கியங்கள். ஆளுக்கொரு கோப்பு என்பதால் யாரும் யாரோடும் முட்டுவதில்லை. வெளியிடும் நாளில் ஒரு கட்டளை எல்லாத் துண்டுகளையும் கோத்து ஒரே குறிப்பாக்கிவிட்டு, பெரும்பாலும் துண்டுகளை நீக்கிவிடும். பைதான் இதற்கு பிளர்ப் என்ற சொந்தக் கருவியை வைத்திருக்கிறது. ஓப்பன்ஸ்டாக் என்ற திட்டத்தில் ரெனோ. டிவிஸ்டட் திட்டத்திலிருந்து வளர்ந்த டவுன்கிரையர் என்பதை பிப், பைடெஸ்ட் போன்ற பைதான் கருவிகள் பயன்படுத்துகின்றன. டவுன்கிரையர் என்பது அந்தக் காலத்தில் தண்டோரா போடுகிறவருக்கு ஆங்கிலப் பெயர். பெயரிலேயே எனக்குப் பாதி மனசு சாய்ந்துவிட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

மீதிப் பாதி சாய்ந்தது வேறு காரணத்தால். இங்கே எழுதுகிறவர் மாற்றியவரே, எழுதும் நேரம் மாற்றிய நேரமே. ஆனால் எழுதும் இடம் கமிட் செய்தி அல்ல. வேறு கோப்பு, வேறு வாசகர் என்பது கையிலேயே உறைக்கிறது. அது சாதாரணக் கோப்பு என்பதால் கோடைப் பார்க்கிற மாதிரியே வரிவரியாகப் பார்த்து, "இது அச்சகக்காரருக்குப் புரியுமா?" என்று திருப்பி அனுப்பலாம். வெளியீட்டுக்கு முந்தின நாள் ஞானோதயம் வந்தாலும் துண்டைத் திருத்தினால் போதும். வரலாற்றைத் தொட வேண்டாம்.

குறைகள் இல்லாமல் இல்லை. டவுன்கிரையரில் துண்டின் பெயர் இஷ்யூ (முன்பே பதிந்த புகார் அல்லது கோரிக்கை) எண்ணில் தொடங்க வேண்டும். இஷ்யூ இல்லாமல் நேராக வரும் புல் ரிக்வெஸ்டுக்கு எண் அனுப்பிய பிறகுதான் தெரியும். அதற்குக் கூட்டல் குறியில் பெயரைத் தொடங்கலாம் என்று ஒரு சலுகை உண்டு, ஆனால் புதியவருக்கு அது இன்னொரு விதி. எழுத்துப்பிழை ஒன்றைத் திருத்த வருகிறவரிடம் துண்டு கேட்பது கோயில் வாசலில் ஆதார் கேட்பது மாதிரி. பைதான்காரர்கள் இதற்கென்றே நியூஸ் வேண்டாம் என்று ஒரு லேபிள் வைத்திருக்கிறார்கள். நாங்களும் அதைக் கடன் வாங்கிக்கொண்டோம்.

அக்டோபர் மாதத்தையும் கணக்கில் எடுக்க வேண்டியிருந்தது. திறந்த மூலப் பங்களிப்பை ஊக்குவிக்க டிஜிட்டல்ஓஷன் நிறுவனம் 2014இல் தொடங்கிய ஹாக்டோபர்ஃபெஸ்ட் வந்தால் கல்லூரிப் பக்கமிருந்து புல் ரிக்வெஸ்ட்கள் கூடும். 2020இல் பரிசு டி-ஷர்ட்டுக்காக உலகம் முழுக்க வெற்று மாற்றங்கள் குவிந்து, பராமரிப்பாளர்கள் கொதித்துப்போய், விரும்புகிற திட்டங்கள் மட்டும் சேரலாம் என்று அந்த மாதத்திலேயே விதியை மாற்ற வேண்டி வந்தது. துண்டு கேட்பது இதற்கு ஒரு நல்ல சல்லடை என்று எங்களில் ஒருவர் வாதிட்டார். "இந்த மாற்றத்தால் பயனருக்கு என்ன?" என்பதற்கு ஒரு வாக்கியம் எழுத முடியாதவரின் மாற்றத்தை நாமும் எடுக்க வேண்டியதில்லையாம். எனக்கு அதில் முழு சம்மதமில்லை. நல்ல கோட் எழுதிவிட்டு வாக்கியத்தில் தடுமாறும் பிள்ளைகளை எனக்குத் தெரியும். அதனால் துண்டு இல்லையென்றால் தானியங்கிச் சோதனை சிவப்பு காட்டும், ஆனால் எழுத உதவுவது எங்கள் வேலை என்று முடிவானது. பல சமயம் நான் போனில் கேட்டு, அவர்கள் சொல்வதையே எழுதிக்கொள்ளச் சொல்கிறேன்.

டவுன்கிரையரில் தலைப்புகளை நம் விருப்பப்படி வைத்துக்கொள்ளலாம். எங்களுடையவை நான்கே: கவனிக்கவும், புதியது, சரிசெய்தது, உள்வேலை. "கவனிக்கவும்" எப்போதும் முதலில் வரும். எங்கள் விதி இதுதான்: ஒரே பழைய கோப்பைக் கொடுத்து முன்பு வந்ததும் இப்போது வருவதும் ஓர் எழுத்தாவது வேறுபட்டால், அது எவ்வளவு சரியான திருத்தமானாலும் "கவனிக்கவும்" பகுதிக்குத்தான் போகும். கமிட் செய்தியில் ஃபிக்ஸ் என்று இருந்துவிட்டுப் போகட்டும், அது சிட்டை.

மொழி பற்றி மட்டும் ஒரு சின்ன உரசல் வந்தது. கமிட் ஆங்கிலத்தில், துண்டு தமிழில் என்பது என் பக்கம். இரண்டும் ஆங்கிலத்தில் இருந்தால் வெளிநாட்டுத் தமிழர்களும் பங்களிப்பார்கள் என்பது எதிர்ப்பக்கம். பயன்படுத்துகிறவர்களில் பாதிப் பேர் அச்சுத் தொழிலில் இருப்பவர்கள் என்பதால் தமிழ் வென்றது. ஆங்கிலத்தில் துண்டு வந்தால் நாங்கள் மொழிபெயர்த்துக்கொள்கிறோம்.

புது ஏற்பாட்டில் முதலில் எழுதிய துண்டு, நடந்து முடிந்த ஸ்ரீக்குத்தான். அந்த மாணவர் எழுதிய வரைவை சிம்மக்கல் அண்ணனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். "யூனிகோடு தரநிலைக்கு இணங்க ஶகரக் கோவைக்கு மாற்றப்பட்டது" என்று இருந்தது. அண்ணன் திருப்பி ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார்: "இதெல்லாம் எனக்கெதுக்குப்பா? கட்டம் வந்தா என்ன செய்யணும், அதைச் சொல்லு."

அடுத்த வெளியீட்டில் "கவனிக்கவும்" என்பதன் கீழே முதல் வரி இப்படிப் போகிறது: "ஸ்ரீ இருக்க வேண்டிய இடத்தில் கட்டம் தெரிந்தால் உங்கள் எழுத்துரு பழையது. எழுத்துருவை மாற்றுங்கள்; மாற்ற முடியாவிட்டால் அமைப்புகளில் பழைய ஸ்ரீ என்பதைத் தேர்ந்தெடுங்கள்." பழைய ஸ்ரீ என்ற அந்தத் தேர்வு கருவியில் அதுவரை இல்லை. குறிப்பை எழுதி முடித்த பிறகுதான் அதற்கான கோடை எழுதினோம்.